எரிக் எரிக்சன்: வீட்டில் சொல்லப்படாத கதையும் அடையாள நெருக்கடியும் – ஒரு நிகழ்வு ஆய்வு

புலம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைகளைப் பற்றிப் பேச்செடுத்தாலே, இரண்டு கலாச்சாரத்துக்கு நடுவே மாட்டிக்கொண்டு தவிக்கிறார்கள் என்ற பேச்சு உடனே வந்துவிடும். வீட்டில் ஒரு மொழி, வெளியில் ஒரு மொழி, வீட்டில் ஒரு ஒழுங்கு, பள்ளியில் வேறு ஒழுங்கு, அதனால்தான் பிள்ளை குழம்பிப்போகிறது என்று காரணத்தையும் கையோடு சொல்லிவிடுவார்கள். இது பாதி உண்மைதான் என்று நினைக்கிறேன். மீதிப் பாதி வீட்டுக்குள் இருக்கிறது. பெற்றோர் எங்கிருந்து, எதனால், எதை விட்டுவிட்டு வந்தார்கள் என்பதைப் பிள்ளையிடம் சொன்னார்களா, மறைத்தார்களா என்பதில் இருக்கிறது. இரண்டு மொழியைச் சுமக்கப் பிள்ளைகளால் முடியும். வீட்டில் பெரியவர்கள் எல்லோருக்கும் தெரிந்து தனக்கு மட்டும் தெரியாமல் இருக்கும் ஒரு விஷயத்தைச் சுமப்பதுதான் ரொம்பக் கஷ்டம்.

இதற்காக நான் எடுத்துக்கொண்டிருப்பது எரிக் எரிக்சனின் வாழ்க்கை. 'நான் யார்' என்ற தடுமாற்றத்தை 'அடையாள நெருக்கடி' என்று இன்று சர்வசாதாரணமாகச் சொல்கிறோமே, அதை உளவியலுக்குள் கொண்டுவந்தவர் அவர்தான். உளவியல் படித்தவர்களுக்கு அவர் வகுத்த எட்டு வளர்ச்சிக் கட்டங்கள் தெரிந்திருக்கும், தேர்வுக்கு மனப்பாடம்கூடச் செய்திருப்பார்கள். ஆனால் அந்தக் கட்டங்களை வகுத்த மனிதர் எப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தார் என்பதைப் பாடப்புத்தகங்கள் இரண்டு மூன்று வரிகளில் கடந்துபோய்விடுகின்றன. இவரைத் தேர்ந்தெடுக்க இன்னொரு காரணம், இவருடைய வாழ்க்கை எல்லோரும் படிக்கிற மாதிரி பதிவாகியிருக்கிறது. 1970இல் அவரே தன் இளமையைப் பற்றி நீண்ட கட்டுரை ஒன்று எழுதினார். 1999இல் லாரன்ஸ் ஃபிரீட்மன் என்ற வரலாற்றாசிரியர் விரிவான வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். மகள் சூவும் அப்பாவைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒருவர் தன்னைப் பற்றிச் சொன்னதை மற்றவர்கள் சொன்னதோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வசதி எல்லா நிகழ்வுகளிலும் கிடைத்துவிடாது.

கார்லாவும் மகனும்

அம்மா கார்லா ஆப்ரஹாம்சன், கோபன்ஹேகனில் வசதியான யூதக் குடும்பத்தில் பிறந்தவர். வால்டெமர் சாலமன்சன் என்ற பங்குத் தரகரை மணந்தார், அந்தத் திருமணம் தொடங்கிய வேகத்திலேயே முறிந்தது. சில ஆண்டுகள் கழித்து கார்லா கருவுற்றபோது கணவர் கூட இல்லை, குழந்தையின் அப்பா அவரும் இல்லை. அப்பா யார் என்பதை கார்லா சொல்லவில்லை. அன்றைய காலத்தில் ஒரு 'நல்ல குடும்பத்துக்கு' இது எவ்வளவு பெரிய அவமானம் என்று விளக்க வேண்டியதில்லை, அதனால் டென்மார்க்கை விட்டு ஜெர்மனிக்குப் போனார், 1902 ஜூன் 15 அன்று பிராங்க்ஃபர்ட்டில் எரிக் பிறந்தான். பிறப்புப் பதிவில் சாலமன்சன் என்ற பெயரே போட்டாயிற்று. ஆக, இந்தக் குடும்பம் இடம்பெயர்ந்த காரணமே பையனின் பிறப்புதான். அதை அவனிடம் சொல்லாமல் 'நாம் ஏன் இந்த ஊருக்கு வந்தோம்' என்ற கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வழியே கிடையாது.

தனியாக மகனை வளர்த்த அந்த முதல் ஆண்டுகளில் கார்லாவுக்கு ஓவியர்களும் கைவினைக் கலைஞர்களும் நண்பர்களாக இருந்தார்கள், தன் மனதில் முதலில் பதிந்த ஆண்கள் அவர்கள்தான் என்று எரிக்சன் பிற்பாடு எழுதினார். பிறகு கார்ல்ஸ்ரூ நகரத்தில் தியோடர் ஹோம்பர்கர் என்ற குழந்தைகள் மருத்துவர் அறிமுகமாகிறார். 1905இல், எரிக்குக்கு மூன்று வயதாகும் சமயத்தில், கார்லாவும் அவரும் மணந்துகொண்டார்கள். வீட்டில் பேச்சு ஜெர்மன் ஆனது, பையனுக்கு அம்மாவின் டேனிஷ் மொழி மறந்துபோனது. 1911இல் தியோடர் அவனைச் சட்டப்படி தத்தெடுத்துக்கொண்டார். எரிக் ஹோம்பர்கர் என்ற பெயரில் பள்ளிக்கூடம் போனான். தியோடர்தான் உன்னைப் பெற்ற அப்பா என்று அவனிடம் சொல்லப்பட்டிருந்தது.

இதில் யாரையும் வில்லனாக்க நான் தயாராக இல்லை. தியோடர் நல்ல மனிதர், மதிப்பான தொழில், யூத சமூகத்தில் முக்கியமானவர், மகனும் தன்னைப் போல் மருத்துவராக வேண்டும் என்று ஆசைப்பட்டவர். இருவரும் அன்பினால்தான் மறைத்தார்கள், எரிக்சனும் அதை அப்படித்தான் எடுத்துக்கொண்டார். ஆனால் அன்பினால் மறைத்தாலும் மறைத்தது மறைத்ததுதான், பிள்ளைக்கு அது எங்கேயோ இடித்துக்கொண்டே இருக்கும். எரிக்குக்குத் தெரியாமல் இருக்குமா? கண்ணாடியைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அப்பாவின் தோற்றம் வேறு மாதிரி, இவன் நெடுநெடுவென்று உயரமாக, பொன்னிற முடியும் நீலக் கண்ணுமாக வளர்ந்துகொண்டிருக்கிறான். வயது ஏற ஏற உண்மை துண்டு துண்டாகக் காதில் விழுந்தது, முழுசாக யாரும் உட்கார வைத்துச் சொல்லவில்லை. தன்னைப் பெற்றவர் யார் என்பது அவருக்குக் கடைசி வரை தெரியவேயில்லை.

இரண்டு பக்கமும் அடைத்த கதவு

யூத ஆலயத்தில் மற்றப் பையன்கள் இவனை 'யூதன் இல்லாதவன்' என்று கேலி செய்தார்கள், தோற்றம் அப்படி. பள்ளியில் அதே பையன் 'யூதன்'. இந்த ஒரு தகவலை எல்லாப் பாடப்புத்தகமும் சொல்லும், ஆனால் அதற்குப் பிறகு நடந்ததை அவ்வளவாகச் சொல்வதில்லை. முதல் உலகப்போர் தொடங்கியபோது எரிக்குக்குப் பன்னிரண்டு வயது. அம்மாவின் நாடு டென்மார்க் நடுநிலை வகித்தது, வகுப்பில் டேனிஷ் வேர் ஒரு சங்கடமாக மாறியது. பையன் என்ன செய்தான்? எல்லோரையும்விட அதிகமான ஜெர்மன் தேசபக்தனாக ஆகிவிடப் பார்த்தான். கூட விளையாடியவர்களின் யூத வெறுப்பு அந்த வேடத்தை ரொம்ப நாள் போட விடவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். புலம்பெயர்ந்த வீட்டுப் பிள்ளை ஒருவன் திடீரென்று ஊர்க்காரர்களைவிட ஊர்க்காரனாக நடந்துகொள்ளும்போது, வீட்டில் அதைத் துரோகமாகப் பார்க்கிறார்கள், நம்மை மறந்துவிட்டான், நம் மொழியைக் கேவலமாக நினைக்கிறான் என்று. எரிக்கின் கதையை வைத்துப் பார்த்தால் அதில் மறதியைவிடப் பயம்தான் அதிகம் தெரிகிறது. எந்தக் கதவு திறக்கும் என்று தட்டிப் பார்க்கிற வேலை அது. திறக்காதபோது பிள்ளை வீட்டுக்குத் திரும்பி வருவான், வந்து நிற்கும்போது வீட்டில் அவனுக்குக் கொடுக்க ஒரு கதை இருக்க வேண்டும். எரிக் திரும்பிப் பார்த்த வீட்டில் அந்தக் கதைதான் இல்லை. டேனிஷ் மொழி போய்விட்டது, யூத ஆலயம் சேர்த்துக்கொள்ளவில்லை, அப்பாவின் பெயரோ இரவலாகத் தோன்றியது.

அடையாளம் என்பதற்கு எரிக்சன் பின்னால் கொடுத்த விளக்கத்தில் இரண்டு பாதி உண்டு. காலம் மாறினாலும் நான் அதே ஆள்தான் என்ற தொடர்ச்சியை உள்ளுக்குள் உணர்வது ஒன்று, அந்தத் தொடர்ச்சியை மற்றவர்களும் கண்டு ஒப்புக்கொள்வது இன்னொன்று. இந்த விளக்கத்தை அவருடைய சிறுவயதின் மேல் வைத்துப் பார்த்தால் இரண்டு பாதியுமே உடைந்திருப்பது தெரியும். வெளியே யாரும் ஒப்புக்கொள்ளவில்லை என்பது இரண்டாவது பாதி, அதைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். மூன்று வயதுக்கு முன்னால் நடந்தது முழுக்க வெட்டி எடுக்கப்பட்டிருந்தது என்பது முதல் பாதி. என் கணக்கில் அந்த முதல் பாதிதான் இந்த நிகழ்வின் மையம்.

அலைந்த ஆண்டுகள்

பள்ளிப் படிப்பு சுமாராக முடிந்தது. மருத்துவம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஓவியம் படிக்கப் போனார், கார்ல்ஸ்ரூவில் கொஞ்சம், மியூனிக்கில் கொஞ்சம், அப்புறம் இத்தாலியில் ஃபிளாரன்ஸ். நடுநடுவே ஊர் ஊராக நடந்து திரிந்தார். அந்த நாட்களில் தன் மனநிலை மோசமாகச் சீர்குலைந்திருந்தது என்று பின்னாளில் அவரே வெளிப்படையாக எழுதினார். இன்றைக்கு ஒரு வீட்டில் இப்படி ஒரு இருபது வயதுப் பையன் இருந்தால் என்ன பேச்சு வாங்குவான் என்று யோசித்துப் பாருங்கள். குடும்பம் இவ்வளவு கஷ்டப்பட்டு இன்னொரு நாட்டில் காலூன்றியிருக்கிறது, நீ படம் வரைந்துகொண்டு சுற்றுகிறாயா என்பார்கள்.

எரிக்சன் பிற்பாடு இந்த மாதிரியான காலத்துக்கு ஒரு மரியாதையான இடம் கொடுத்தார். வளர்ந்தவர்களின் பொறுப்புகளை ஏற்பதற்கு முன் சமூகம் இளைஞர்களுக்குத் தருகிற அவகாசம் என்று அதை விளக்கினார். 1966இல் ஜேம்ஸ் மார்சியா என்ற உளவியலாளர் இதை எடுத்துக்கொண்டு, கல்லூரி மாணவர்களை நேர்காணல் செய்து, நான்கு நிலைகளாகப் பிரித்தார். தேடிப் பார்த்து முடிவுக்கு வந்தவர்கள், இன்னும் தேடிக்கொண்டிருப்பவர்கள், தேடாமலேயே வீட்டார் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டவர்கள், தேடவும் இல்லாமல் எதையும் பிடித்துக்கொள்ளவும் இல்லாமல் இருப்பவர்கள். புலம்பெயர்ந்த வீடுகளில் மூன்றாவது வகைக்குத்தான் பாராட்டு கிடைக்கும். பிள்ளை பதினைந்து வயதிலேயே தெளிவாக இருக்கிறது, டாக்டர்தான் ஆகப்போகிறது என்று பெருமையாகச் சொல்வார்கள். வெளியிலிருந்து பார்த்தால் முதல் வகைக்கும் மூன்றாவது வகைக்கும் வித்தியாசம் தெரியாது, இரண்டு பேருமே உறுதியாகத்தான் பேசுவார்கள். ஒருவர் வேறு வழிகளையும் பார்த்துவிட்டு இதை எடுத்தார், இன்னொருவர் பார்க்கவே இல்லை, அவ்வளவுதான். எரிக் மருத்துவப் படிப்பை ஏற்றிருந்தால் வீட்டில் நிம்மதியாக இருந்திருப்பார்கள், அவர் மூன்றாவது வகையில் அடங்கியிருப்பார்.

1927இல் பள்ளி நண்பர் பீட்டர் பிளோஸ் வியன்னாவுக்கு அழைத்தார். டோரத்தி பர்லிங்ஹாம் முதலானோர் நடத்திய ஒரு சின்னப் பள்ளியில் வேலை. அங்கே சிக்மண்ட் ஃபிராய்டின் மகள் அன்னா ஃபிராய்டிடம் உளப்பகுப்பாய்வுக்கு, அதாவது மனதின் ஆழத்தில் இருப்பதைப் பேச்சின் வழியே ஆராயும் சிகிச்சைக்குப் போய், அப்படியே பயிற்சியும் பெற்றார். பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் அவர் வாங்கவே இல்லை, கடைசி வரை. கனடாவில் பிறந்த ஜோன் சேர்சனை 1930 வாக்கில் மணந்தார். 1933இல் நாஜிகள் ஜெர்மனியில் ஆட்சிக்கு வந்த பிறகு, இரண்டு சின்னப் பிள்ளைகளோடு வியன்னாவை விட்டுக் கிளம்பினார்கள்.

முதலில் எங்கே போனார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவுக்கு நேராகப் போகவில்லை, கோபன்ஹேகனுக்குப் போனார்கள். மூன்று வயதோடு மொழி போன ஊர், அம்மா ஓடிவந்த ஊர், பெற்றவர் அங்கேதான் எங்கோ இருந்திருக்க வேண்டும் என்று அவர் நம்பிய ஊர். டேனிஷ் குடியுரிமை கேட்டார், கிடைக்கவில்லை. அதன் பிறகுதான் பாஸ்டன். முப்பது வயதைத் தாண்டிய ஒருவர், ஆங்கிலம் சரியாக வராத நிலையில், அந்த நகரத்தின் முதல் குழந்தை உளப்பகுப்பாய்வாளராக வேலையைத் தொடங்கினார். அவருடைய ஆங்கில எழுத்தை ஆயுள் முழுக்கத் திருத்திக் கொடுத்தவர் ஜோன். எரிக்சனின் அழகான நடை என்று புகழ்கிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பெயர்

1939இல் அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தபோது குடும்பப் பெயரை எரிக்சன் என்று மாற்றிக்கொண்டார். ஹோம்பர்கர் நடுப்பெயராகச் சுருங்கி, வெறும் ஒற்றை எழுத்தானது. பிள்ளைகளை அந்தப் பெயரை வைத்து மற்றப் பிள்ளைகள் கேலி செய்ததும் ஒரு காரணம் என்று குடும்பத்தில் சொல்லப்பட்டது. ஸ்காண்டிநேவிய வழக்கத்தில் எரிக்சன் என்றால் எரிக்கின் மகன். தகப்பன் பெயர் வர வேண்டிய இடத்தில் தன் பெயரையே போட்டுக்கொண்டார்.

இதை எப்படிப் படிப்பது என்பதில் சண்டையே நடந்திருக்கிறது. 1975இல் மார்ஷல் பெர்மன் என்ற விமர்சகர், அடையாளத்தைப் பற்றி உலகத்துக்கே பாடம் எடுத்தவர் தன் யூத அடையாளத்தை மறைத்துவிட்டார் என்று கடுமையாக எழுதினார். தானே தன்னைப் படைத்துக்கொண்ட சுதந்திர மனிதன் என்று கொண்டாடுகிறவர்கள் மறுபக்கம். எனக்கு இரண்டுமே அவசரத் தீர்ப்பாகப் படுகிறது. பெர்மன் கேட்டது நியாயமான கேள்வி, யூதர்கள் கொல்லப்பட்டுக்கொண்டிருந்த ஆண்டுகளில் யூதப் பெயரைப் பின்னுக்குத் தள்ளியது சும்மா விட்டுவிடக்கூடிய விஷயம் இல்லை. ஆனால் ஹோம்பர்கர் என்பதும் அவருக்கு ஒரு விளக்கமில்லாமல் வந்த பெயர்தானே, சாலமன்சன் அதைவிடப் பொய்யான பெயர். மூன்றாவதாக ஒன்றை அவரே வைத்துக்கொண்டார். அதில் விடுதலையும் இருக்கிறது, தப்பித்தலும் இருக்கிறது, ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு இன்னொன்றைத் தள்ளினால் நிகழ்வு கையை விட்டுப் போய்விடும்.

'அடையாள நெருக்கடி' என்பதை அவர் முதலில் பயன்படுத்தியது பதின்வயதுப் பிள்ளைகளைக் குறித்தே இல்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் சான் ஃபிரான்சிஸ்கோவின் மவுண்ட் சயான் மறுவாழ்வு மருத்துவமனையில், போரிலிருந்து திரும்பிய வீரர்களைப் பார்த்தபோது வந்தது. அவர்கள் பைத்தியமும் இல்லை, நடிக்கவும் இல்லை, போருக்கு முன் இருந்த ஆளுக்கும் இப்போதைய ஆளுக்கும் நடுவே தொடர்பு அறுந்துபோயிருந்தது. இதை அவரால் சட்டென்று அடையாளம் காண முடிந்ததற்கு அவர் வளர்ந்த விதமும் ஒரு காரணம் என்பது என் ஊகம்.

மற்ற ஆய்வுகளோடு வைத்துப் பார்த்தால்

ஒரு ஆளை வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாது, அதனால் பெரிய ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று பார்க்க வேண்டும்.

ஜான் பெர்ரி, ஜீன் ஃபின்னி முதலானோர் 13 நாடுகளில், 13 முதல் 18 வயது வரையிலான 5,000க்கும் மேற்பட்ட புலம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைகளை ஆராய்ந்து 2006இல் வெளியிட்டார்கள். பிள்ளைகள் நான்கு குழுக்களாகப் பிரிந்தார்கள். வீட்டுக் கலாச்சாரம், புது நாட்டுக் கலாச்சாரம் இரண்டையும் வைத்துக்கொண்டவர்கள் 36.4 சதவீதம், இதுதான் பெரிய குழு. வீட்டுப் பக்கமே சாய்ந்தவர்கள் 22.5, புது நாட்டுப் பக்கமே சாய்ந்தவர்கள் 18.7, எதிலும் நிலைகொள்ளாதவர்கள் 22.4. இரண்டையும் வைத்துக்கொண்ட பிள்ளைகள்தான் மனநலத்திலும் பள்ளியிலும் மொத்தத்தில் நன்றாக இருந்தார்கள், நிலைகொள்ளாதவர்கள்தான் மிகவும் சிரமப்பட்டார்கள். இரண்டு கலாச்சாரம் இருப்பதே குழப்பத்துக்குக் காரணம் என்றால் இந்த முடிவு வந்திருக்கவே முடியாது. சிறுவன் எரிக் அந்தக் கடைசிக் குழுவில் இருந்தான் என்று சொல்லத் தோன்றுகிறது, ஆனால் அவனிடம் கலாச்சாரம் கூடிப்போய் அப்படி ஆகவில்லை, கைக்கு எதுவும் வந்து சேராமல் அப்படி ஆனது.

கதவு அடைபடும் விஷயத்துக்கு நல்ல சான்று அமெரிக்காவிலிருந்து வருகிறது. அலெகாண்ட்ரோ போர்ட்டஸும் ரூபன் ரும்பாவும் 1992இல் மயாமி, சான் டியேகோ பகுதிகளில் புலம்பெயர்ந்த குடும்பத்து மாணவர்கள் 5,262 பேரைச் சந்தித்து, ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். உன்னை நீ என்னவாகச் சொல்லிக்கொள்வாய் என்பதும் அவர்கள் கேட்ட கேள்விகளில் ஒன்று. நடுவில், 1994 நவம்பரில், ஆவணமில்லாத குடியேறிகளுக்குப் பள்ளிக் கல்வி உட்பட அரசு சேவைகளை மறுக்கும் 187ஆம் முன்மொழிவு கலிஃபோர்னியாவில் வாக்கெடுப்பில் வென்றது. அது பெரும்பகுதி நடைமுறைக்கு வராமல் நீதிமன்றம் தடுத்துவிட்டது என்பது வேறு விஷயம், பிள்ளைகள் அந்தப் பிரச்சாரத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தார்கள், தெருவில் கேட்டார்கள். 1995இல் திரும்பக் கேட்டபோது, அமெரிக்கர் என்று சொல்லிக்கொள்வது குறைந்து, பெற்றோரின் நாட்டுப் பெயரைச் சொல்வது கூடியிருந்தது. அந்த மூன்று ஆண்டில் அவர்களுடைய ஆங்கிலம் இன்னும் நன்றாகத்தான் ஆகியிருந்தது! ஆக, மொழி ஒரு பக்கம் போக அடையாளம் இன்னொரு பக்கம் போகலாம். கார்ல்ஸ்ரூவில் வகுப்புப் பையன்கள் எரிக்குக்குச் செய்ததை இங்கே ஒரு மாநிலமே செய்தது.

வெரோனிகா பெனெட்-மார்டினெஸ் குழுவினர் 2002இல் வெளியிட்ட ஆய்வையும் சொல்ல வேண்டும். சீன வம்சாவளி அமெரிக்கர்களிடம் ஒரு கலாச்சாரத்தை நினைவூட்டும் படங்களைக் காட்டிவிட்டு, கூட்டத்துக்கு முன்னால் தனியாக நீந்தும் ஒரு மீனின் படத்தைக் கொடுத்து, அது ஏன் அப்படி நீந்துகிறது என்று கேட்டார்கள். தங்களுடைய இரண்டு கலாச்சாரங்களும் ஒத்துப்போகக்கூடியவை என்று நினைத்தவர்கள், காட்டப்பட்ட படத்துக்கு ஏற்ற மாதிரி பதில் சொன்னார்கள், அமெரிக்கப் படம் என்றால் மீனின் சொந்த விருப்பம் என்றும் சீனப் படம் என்றால் மற்ற மீன்களின் தாக்கம் என்றும் சாய்ந்தார்கள். இரண்டும் மோதுகின்றன என்று நினைத்தவர்கள் நேர் எதிராகச் சாய்ந்தார்கள். கலாச்சாரம் ஒன்றுதான், அதைச் சுமக்கிற விதம் வேறாகிறது. அந்த விதம் எங்கிருந்து வருகிறது என்பதில் பாகுபாடு, வீட்டு உறவு, சுபாவம் எல்லாம் சேர்ந்தே வரும்.

இப்போது வீட்டுக்குள் வருகிறேன். அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தில் மார்ஷல் டியூக், ராபின் ஃபைவுஷ் இருவரும் 2001 வாக்கில் 20 கேள்விகள் கொண்ட ஒரு பட்டியலைத் தயாரித்தார்கள். உன் அப்பா அம்மா எப்படிச் சந்தித்தார்கள் தெரியுமா, தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தார்கள் தெரியுமா, உனக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது தெரியுமா என்கிற மாதிரி எளிமையான கேள்விகள். அதிகம் தெரிந்துவைத்திருந்த பிள்ளைகளுக்குத் தன்மதிப்பும், தன் வாழ்க்கை தன் கையில் இருக்கிறது என்ற உணர்வும் கூடுதலாக இருந்தன. பதில்களை மனப்பாடம் செய்ய வைத்தால் பிள்ளை தேறிவிடும் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது, பேசுகிற வீடு என்பதுதான் இங்கே அளக்கப்படுகிறது. அந்தக் கேள்விகளைச் சிறுவன் எரிக்கிடம் கொடுத்திருந்தால்? அப்பா அம்மா சந்தித்த கதை தெரியாது, அல்லது தெரிந்தது பொய். தன் பெயர் வந்த வழி தெரியாது. அம்மா ஏன் நாட்டை விட்டார் என்பது தெரியாது. ஒரு இடம்பெயர்ந்த குடும்பத்தில் இந்தப் பதில்கள் இன்னும் முக்கியம், ஏனென்றால் தெருவோ உறவுக்காரர்களோ அவற்றை எடுத்துச் சொல்ல வழியில்லை. சொந்த ஊரில் பெற்றோர் சொல்லாவிட்டாலும் பக்கத்து வீட்டுக் கிழவி சொல்லிவிடுவாள். இடம்பெயர்ந்த இடத்தில் பெற்றோர் வாய் மூடினால் அந்த வரலாறு அங்கேயே முடிந்தது.

நீல்

1944இல் எரிக்சனுக்கும் ஜோனுக்கும் நான்காவது குழந்தை பிறந்தது, நீல். பிறவியிலேயே வரும் வளர்ச்சிக் குறைபாடான டவுன் சிண்ட்ரோம் இருந்தது. ஜோன் இன்னும் பிரசவத்திலிருந்து தேறாத நிலையிலேயே, எரிக்சன் நண்பர்களைக் கலந்தாலோசித்து, குழந்தையை ஒரு காப்பகத்தில் சேர்க்க முடிவெடுத்தார். அன்று மருத்துவர்கள் பரவலாகச் சொன்ன யோசனை அதுதான், இன்றைய கண்ணால் மட்டும் அதைத் தீர்ப்பிடுவது சரியில்லை. ஆனால் மகள் சூவிடம், குழந்தை பிறந்தவுடன் இறந்துவிட்டது என்று சொல்லப்பட்டது. நீல் உயிரோடு இருந்தான், இருபது வயதைத் தாண்டி வாழ்ந்தான். தனக்கு ஒரு தம்பி இருப்பது சூவுக்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது.

இதை நான் கிசுகிசுவாகச் சேர்க்கவில்லை. சொல்லப்படாத ஒரு விஷயத்தோடு வளர்ந்த ஒருவர், அந்த வலியைப் புரிந்து, அதை ஒரு கோட்பாடாகவே வளர்த்து, அந்தக் கோட்பாட்டுக்காகக் கொண்டாடப்பட்டவர், தன் பிள்ளைகளிடம் அதையே திரும்பச் செய்தார், அதே அன்பின் பெயரால். 1950இல் வந்த அவருடைய முதல் புத்தகம் நலமான குழந்தை வளர்ச்சியைப் பற்றியது, வீட்டில் அந்த ரகசியம் இருந்த காலத்திலேயே எழுதப்பட்டது. புரிந்துகொள்வதாலேயே பழக்கம் உடைந்துவிடாது என்பதற்கு இதைவிட வலுவான சான்று எனக்குத் தெரியவில்லை. குடும்பத்தில் ஒரு தலைமுறை வாய் மூடியிருந்தால் அடுத்த தலைமுறையும் மூடப் பழகிவிடும், புது நாடு, புதுப் பெயர், புதுக் குடியுரிமை எல்லாம் வந்த பிறகும்.

இந்த நிகழ்வால் சொல்ல முடியாதவை

எரிக்சனின் வழி எல்லாப் பிள்ளைக்கும் திறந்த வழி இல்லை. அவர் வெள்ளையர், பெயரை மாற்றினால் வெளியாருக்கு எதுவும் தெரியாது. தோல் நிறமே முதலில் கண்ணில் படுகிற பிள்ளைக்குப் பெயர் மாற்றம் எந்தக் கதவையும் திறக்காது, அடையாளத்தைத் தேடலாமா வேண்டாமா என்ற தேர்வும் அவளுக்கு இல்லை, மற்றவர்கள் தினமும் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். சிறுபான்மை இளைஞர்களைப் பற்றி ஃபின்னி 1989இல் தனியாக ஆராய வேண்டியிருந்ததும் இதனால்தான், எரிக்சன், மார்சியா இருவரின் சட்டகத்தில் இனம் ஒரு ஓரத்தில்தான் இருந்தது. பணமும் அப்படித்தான். மருத்துவர் வீட்டுப் பையன் ஆண்டுக்கணக்கில் ஓவியம் வரைந்து அலையலாம். பெற்றோர் இரண்டு வேலை பார்க்கும் வீட்டில், அரசு அலுவலகத்திலும் மருத்துவமனையிலும் அப்பாவுக்காகப் பேசுகிற பத்து வயதுப் பிள்ளைக்கு அந்த அவகாசம் யார் கொடுப்பது? பெற்றோருக்குப் பிள்ளை பெரியவராகிவிடும் இந்தத் தலைகீழ் மாற்றத்தைப் பற்றி போர்ட்டஸும் ரும்பாவும் நிறைய எழுதியிருக்கிறார்கள், எரிக்சனின் வீட்டில் இந்தப் பிரச்சினை எழவே இல்லை. அவர் கதையை வைத்து அந்தப் பிள்ளைக்கு ஆலோசனை சொன்னால் அது பொருந்தாது.

இன்னொன்று, நமக்குக் கிடைப்பதில் பாதி அவர் வயதான பிறகு தானே திரும்பிப் பார்த்து எழுதியது. அறுபத்தெட்டு வயது உளப்பகுப்பாய்வாளர் தன் பன்னிரண்டு வயதை நினைக்கும்போது, தான் உருவாக்கிய கோட்பாட்டின் கண்ணாடி வழியாகத்தான் பார்ப்பார். எதை விட்டார் என்பதையும் அதனால் பார்க்க வேண்டும். இந்த நிகழ்வை வகுப்பில் எடுக்கும் ஆசிரியர்களுக்கும், புலம்பெயர்ந்த குடும்பங்களோடு வேலை செய்யும் ஆலோசகர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான்: 1970 கட்டுரையை மட்டும் கொடுத்து நிறுத்தாதீர்கள், ஃபிரீட்மனின் வரலாற்றையும் மகள் எழுதியதையும் பக்கத்தில் வைத்துக் கொடுங்கள். தன்னைப் பெற்றவரின் ரகசியத்தை அந்த 1970 கட்டுரையில் எரிக்சன் எழுதுகிறார். நீலின் ரகசியத்தை மற்றவர்கள்தான் எழுத வேண்டியிருந்தது.